கொடிக்கயிறு

ஏரி நிரம்பினால் எங்கள் நகரில் வீடுகள் மிதக்கும். தண்ணீர் வடியும்போது எந்த வீடு எங்கே தரைதட்டுகிறதோ, அடுத்த மழைவரை அதுதான் அதன் தெரு.

சம்பந்தம் இந்த வருட மழைக்காகக் காத்திருந்தார். பக்கத்துவீட்டு பிலோமினா டீச்சரின் ஏ.சி. தண்ணீர் அவர் ஜன்னலில் சொட்டிச் சொட்டி, பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது.

"இந்தத் தண்ணியோட நம்மளப் புடிச்ச சனி விட்டுரும்," என்றார் மனைவி எழிலியிடம்.

ஏரி நிரம்பிய அன்று மதியம் வீடு மெல்ல எழுந்தது. மொட்டைமாடிகள் மேகங்களைப் போல நகர்ந்தன. கூடத்துப் பக்கம் கேட்ட கோயில் மணி சமையலறைப் பக்கம் கேட்டது. டீச்சர் வீடு மட்டும் ஜன்னலை விட்டுப் போகவே இல்லை.

சம்பந்தம் எட்டிப் பார்த்தார். இரண்டு வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கும் நடுவே ஒரு கொடிக்கயிறு விறைத்து நின்றது.

"அவங்க கட்டினாங்களா?"

"அந்த முனைய டீச்சர் கட்டினாங்க," என்றாள் எழிலி. "இந்த முனைய நான்."

எதிர் ஜன்னலில் டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

சம்பந்தம் வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு முடிச்சை இழுத்துப் பார்த்தார்.

"லூசா இருக்கு," என்று சொல்லி, இன்னொரு சுற்றுச் சுற்றினார்.