பால் மறக்கடித்தவள்

திண்டிவனத்துத் தோல் டாக்டரின் அறையில், ஜன்னல் வெயில் குழந்தை இனியாவின் முகத்தில் விழுகிறது. வாயைச் சுற்றி வெந்ததுபோல் சிவந்து உரிந்திருக்கிறது. விரல் நுனிகளிலும் அதே புண். அவளை மடியில் வைத்திருக்கும் தமிழ்ச்செல்வி தலை நிமிராமல் சொல்கிறாள்: "நான்தாங்க மேடம் இப்டிப் பண்ணிட்டேன். வேலைக்குப் போவணும்னு வேப்பிலைய அரச்சி மாருல தடவி பால மறக்கடிச்சேன். அதான் வாய சுட்டுடுச்சி." டாக்டர் சீட்டு எழுதுவதை நிறுத்துகிறார். "வேப்பிலை இல்லம்மா. துத்தநாகச் சத்த குடல்லேர்ந்து உடம்புக்குள்ள ஏத்துற புரதம் இவளுக்குப் பொறவியிலயே சரியா வேலை செய்யல. அந்தச் சத்து கொறஞ்சதாலதான் இந்தப் புண்ணு. தாய்ப்பால்ல இருக்கறது சுலபமா சேரும். உன் பால்தான் இத்தன நாளும் காப்பாத்திக்கினு இருந்துச்சி. இனிமே தெனமும் மருந்து குடுத்தா ஆறிடும்." ஆறிடும் என்பது தமிழ்ச்செல்வியின் காதில் ஏறவில்லை, 'உன் பால்தான்' என்பதிலேயே அவள் நின்றுவிட்டாள். டாக்டர் அங்கேயே ஊட்டிய மருந்தை விழுங்கிவிட்டு, இனியா பழைய பழக்கத்தில் அம்மாவின் முந்தானைக்குள் கையை விடுகிறாள். ஒரு கணம்தான். கசப்பு நினைவுக்கு வந்ததுபோல், குழந்தை தானாகவே கையை எடுத்துக்கொண்டு, புண்ணான உதடுகளை இறுக மூடிக்கொள்கிறது.