வாயைக் கட்டியவர்

வடைத் தட்டு அவர் முன்னால் வந்து நின்றது.

அவர் கையை லேசாக உயர்த்தினார். வேண்டாம்.

பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மெதுவடை. அதுவும் சுடச்சுட. அதை வேண்டாமென்று சொல்ல ஒருவரால் முடிகிறதென்றால் அவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது.

உண்மையில் எண்ணெய் வாசனைக்கு அவருக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. உயர்த்திய கையை இறக்கி மூக்கின் கீழ் வைத்துக்கொண்டார். பார்ப்பவர்களுக்கு அது சிந்தனை.

ஈரோட்டில் அந்தப் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். எடையைக் குறைப்பது சங்கத்தின் நோக்கம். எந்த விசேஷமானாலும் பொங்கலும் வடையும் போடுவது சங்கத்தின் வழக்கம். இரண்டையும் சேர்த்து யாரும் யோசித்ததில்லை.

இன்றைய விசேஷம் அவர்தான்.

பத்தொன்பது கிலோ குறைத்திருந்தார். பின்னால் ஃபிளெக்ஸ் பேனரில் அன்று, இன்று என்று அவருடைய இரண்டு படங்கள் நின்றன. இடப்பக்கத்து அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வலப்பக்கத்து அவருக்குச் சட்டை தொங்கியது.

பொன்னாடை ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

செயலாளர் தங்கவேலு மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது, வெறும் நடை, வெறும் வாய்க்கட்டு என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

நேற்றுப் போட்ட ஊசி தொப்புளுக்கு இடப்பக்கம் இன்னும் லேசாக வலித்தது.

ஊசியில் தப்பொன்றும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தது. வாரத்துக்கு ஒன்று. பசியை அடக்கும். வீட்டு பிரிட்ஜில் கறிவேப்பிலைப் பைக்குப் பின்னால் இருக்கிறது.

தப்பு வேறு இடத்தில்.

எப்படி இளைத்தீர்கள் என்று முதலில் கேட்டவரிடம், நடைதானுங்க என்றார். இரண்டாவது ஆளிடம் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஐந்தாவது ஆள் கேட்பதற்குள் கொள்ளு ரசமும் வந்து சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஊசிக்கு இடமில்லை. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சங்கத்தில் எல்லாருக்கும் 'சார்', சொன்னால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

அந்த எடையும் ஏழு வாரமாக எண்பத்திரண்டிலேயே நிற்கிறது. ஊசியின் அளவைக் கூட்டியும் முள் அசையவில்லை. ஊசி மட்டும் போதாது, இனிமேல் தினமும் நடக்க ஆரம்பியுங்கள் என்று போன வாரம் டாக்டர் சொன்னார்.

சங்கத்தின் முன்மாதிரி நடையாளர், சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

தட்டு பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தது. அங்கே சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். ஹார்டுவேர் கடைக்காரர். சங்கத்திலேயே கனத்த ஆள். சாரே விட்டுவிட்டாரே என்று ஐந்து மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு கொள்ளு ரசம் குடிப்பவர். சார் இரண்டு சுற்றோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். சென்னியப்பன் ஆறு சுற்று.

குறைந்தது என்னவோ இரண்டு கிலோதான்.

சென்னியப்பனின் கை தானாகப் போய் ஒரு வடையை எடுத்தது. வாய்ப்பக்கம் பாதி தூரம் வந்தது. அப்புறம்தான் பக்கத்தில் இருந்த சாரின் வெறுங்கையைப் பார்த்தார்.

வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

விரலில் எண்ணெய் இருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைப்பதற்கு முன்னால் ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு சாரின் காதோரம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார். செவ்வாய்க்கிழமை பசி தாங்காமல் கடையில் மூன்று தோசை தின்றுவிட்டாராம். சம்சாரத்துக்குக்கூடத் தெரியாதாம்.

"உங்ககிட்ட மட்டுந்தான் சொல்றேன் சார். எனக்கு மானமே இல்லீங்க."

அறுபது வயது மனுஷனுக்குக் கண் கலங்கியிருந்தது. மூன்று தோசைக்கு.

பொன்னாடையின் ஜரிகை கழுத்தில் அரித்தது.

சும்மா இருந்துவிடலாம். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று தோளில் தட்டினால் போதும். ஐந்து மாதமாக அதைச் சொல்லித்தான் அந்தத் தோளில் தட்டிக்கொண்டிருக்கிறார்.

கை தோள் வரைக்கும் போனது. தட்ட வரவில்லை.

"நான் ஊசி போட்டுக்கறேனுங்க," என்றார். "எட்டு மாசமா."

சொல்லும்போது தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். புது ஷூ. அடிப்பாகம் தேயவேயில்லை.

மைக்கில் தங்கவேலு மனவுறுதி என்று நான்காவது முறையாகச் சொன்னார்.

"பசிக்கவே பசிக்காதுங்களா?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"பசிக்காதுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

சென்னியப்பன் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். செய்யாத தப்புக்கு அடித்துவிட்ட பிள்ளையைத் தடவுவதுபோல அதை மெல்லத் தடவினார்.

பிறகு எழுந்து, வடைத் தட்டு போன திசையில் போனார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நம் சார் இரண்டு வார்த்தை சொல்வார் என்று தங்கவேலு அறிவித்தார். முன்வரிசையில் நான்கு பேர், நான்கும் பெரிய உடம்பு, போனைத் தூக்கிப் பதிவு செய்யத் தயாரானார்கள்.

அவர் எழுந்தார். பொன்னாடை நழுவியது. யாரோ அக்கறையாக எடுத்து மறுபடியும் தோளில் போட்டுவிட்டார்கள்.

மைக் கைக்கு வந்தது. கை தட்டல் அடங்கவே நேரமானது.

வேப்பமரத்தடியில் நின்றிருந்த சென்னியப்பன் மட்டும் தட்டவில்லை. அவருக்கு அவசரமும் இல்லை. மைக்கையே பார்த்தபடி, நிதானமாக வடையை மென்றுகொண்டிருந்தார்.