ஏரித் தண்ணிக்கு யார் பொறுப்பு?

ஆரம்பாக்கம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். எரிவாயுக் கிணறு தோண்ட அனுமதி கேட்ட கம்பெனியின் இன்ஜினீயர் ராபின், மேடையில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"மருந்து கலந்த தண்ணிய பூமிக்குள்ள அடிச்சுதான கேஸ் எடுப்பீங்கோ? மேல திரும்பி வர்ற தண்ணி எங்க சார் போவும்?" மைக்கைப் பிடித்திருந்த பச்சைப் புடவைக்காரி கேட்டாள்.

"குழி வெட்டித் தேக்கி வைப்போம்மா."

"மழை பெஞ்சா அது ரொம்பி எங்க ஏரிக்குத்தான வரும்? இத்த யோசிக்க மூளை வாணாவா?"

மண்டபமே சிரித்தது.

"ஏதாச்சும் சொல்லுய்யா!" என்று பக்கத்திலிருந்த கம்பெனி மேனேஜர் பல்லைக் கடித்தார்.

"எங்கிட்ட பதில் இல்ல சார்" என்று ராபின் தலையைக் குனிந்துகொண்டான்.

கூட்டத்தை நடத்திய கலெக்டர் நிமிர்ந்தார். "இந்தக் கேள்வியை அப்படியே மேல அனுப்புறேன். சுத்திகரிப்புக்கு வழி காட்டாம அனுமதி கிடைக்காது."

வெளியே வந்ததும் மேனேஜர் ராபினின் முதுகைத் தட்டினார். "பாவம்யா நீ. அந்தப் பொம்பள உன்னை வறுத்தெடுத்துட்டா." காரேறிப் போய்விட்டார்.

ஏரிக்கரையில் ராபின் பைக்கை நிறுத்தினான். அங்கே காத்திருந்த பச்சைப் புடவைக்காரி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ சொல்லிக்குடுத்த மாதிரியே கேட்டனா?"

"சூப்பரு மெர்சி! நான் எத்தினி தபா சொல்லியும் மேனேஜரு காதுல வாங்கல. இன்னிக்கு கலெக்டரே கேட்டுக்கினாரு. ஆனா, அந்த மூளை மேட்டரு நான் சொல்லிக்குடுக்கலியே?"

"அது ஊருக்காகக் கேக்கல. பொண்டாட்டியா கேட்டேன். வண்டிய எடு!"