நாற்பத்தொன்றாவது டோக்கன்

ஓசூருக்குக் கம்பெனிகள் வந்தாலும் வந்தன, ஜனங்கள் டாக்டரையும் மெஷின் என்றே நினைக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் கொடுப்பவன் நான். தகரத்தில் நானே ஆணியால் நம்பர் குத்தியது, மொத்தம் நாற்பது. நான் குத்தினால் 4 எப்போதும் இடம்வலமாகத் திரும்பித்தான் விழும்.

அஞ்செட்டி கெம்பம்மா பிரசவத்தில் செத்ததிலிருந்து டாக்டர் ஆரோக்கியசெல்வி சோறு தொடவில்லை. வேலையை விடுவதாகக் கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

நேற்று மதியம் நாற்பதாவது ஆள் போனபின் உள்ளே போனேன். டாக்டர் ஆவி பறக்கும் ராகிக்களியைத் தின்றுகொண்டிருந்தார். கடிதம் கிழிந்து கிடந்தது.

"யாரும்மா குடுத்தது?"

"கெம்பம்மா வந்துச்சு தாத்தா. 'உம்மேல தப்பில்ல தாயி, தின்னு'ன்னுச்சு."

மேஜைமேல் 41 என்று ஒரு டோக்கன் இருந்தது. அதிலும் 4 திரும்பியிருந்தது.

"எவனோ வெளையாடறான்" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தேன்.