தாளுக்கு வெளியே ஒரு வரி

“எழுத்து தொலையலைங்க மேடம். அது இருக்கிற எடம் புரோகிராமுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.”

“அப்ப தேடச் சொல்லுங்கோ. நான் சொன்னா அது கேக்குதில்லை.”

நான்கு வருடங்களுக்கு முன்னால் அழகையாவும் கமலாசனியும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது இவ்வளவுதான். மலைநாட்டு நகரமொன்றின் திருகோணமலை வீதியில், மாடியில் இருந்த ஓர் அச்சகத்தில் அவள் கலியாண அழைப்பிதழ்களைக் கணினியில் கோக்கிறவள். அவன் வத்தேகமவிலிருந்து கணினி திருத்த வருகிறவன்.

இன்றைக்கும் அதே கோளாறு.

மணமக்களின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள், ஒன்றோடொன்று பேச்சு வார்த்தை இல்லாதவை போல நின்றன. அழகையா எழுத்துருக்கள் இருக்கும் இடத்தைத் திறந்தான். ஆங்கில விசைகளைத் தமிழாக்கிக் காட்டும் பாமினி எழுத்துரு அங்கேயே இருந்தது.

“பழைய பட்டியல வச்சுக்கிட்டுத் தேடுது. அத அழிச்சிட்டா புதுசா ஒன்னு எழுதிக்கும்.”

வாவிப் பக்கமிருந்து வந்த பனிமூட்டம் யன்னலுக்குள் பாதி நுழைந்திருந்தது. கீழே வாகனச் சத்தமெல்லாம் பஞ்சில் சுற்றியதுபோல் கேட்டது. மூட்டம் வெளியே இருக்கிறதா தனக்குள்ளே இருக்கிறதா என்று கமலாசனிக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவன் கட்டாருக்கு வேலைக்குப் போகிறான்.

நகரத்தில் குண்டு வெடித்த பிறகு மூன்று சுற்றிவளைப்புகளில் படையினர் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். நான்காவதுக்கு இருந்து பார்க்க அவனுக்கு மனமில்லை.

போகட்டும். உயிரோடு இருந்தால் போதும். ஆனால் ஒரு வார்த்தை கேட்காமலா போவான்?

தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்தவன், யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டரின் மகளை ‘மேடம்’ என்பதற்கு மேல் ஒரு நாளும் அழைத்ததில்லை. அவளும் வாய் திறந்ததில்லை. தினமும் திரையில், தாளின் விளிம்புக்கு வெளியே, அச்சில் விழாத வெற்றிடத்தில் ஒரு வரியை அடிப்பாள். வீட்டுக்குப் போகுமுன் அழிப்பாள்.

இன்றைக்கு அழிக்கவில்லை. தமிழ் இல்லாத திரையில் யார் வாசிக்கப் போகிறார்கள்?

அழகையாவின் கை நின்றது.

விளிம்புக்கு வெளியே அவன் விரல் மெதுவாக நகர்ந்தது. “எம்... அ. ஓ... ழ. ஐ, எஃப்... கை.” சற்று நின்றான். “ஏ, எச்... யா.”

அவன் பெயர்.

கமலாசனி கதிரையின் பிடியை இறுக்கிக்கொண்டாள். “அது... கை தவறி விழுந்தது.”

“நாலு வருசமா ஒங்க தமிழ நான் இப்படித்தானே பாத்திருக்கேன்” என்றான் அவன், திரையைவிட்டுக் கண் எடுக்காமல். “எழுத்து சரியாகிட்டா நான் போயிடணும்ல.”

மிச்சத்தை அவன் சத்தமில்லாமல் வாசித்தான். உதடுகள் மட்டும் அசைந்தன.

‘அழகையா, என்னைக் கட்டுறீங்களோ எண்டு ஒருக்காக் கேளுங்கோவன்.’

பட்டியலை அவன் அழிக்கவில்லை. சுட்டியிலிருந்து கையை எடுத்து, ஈரமில்லாத கையைக் காற்சட்டையில் இரண்டு தரம் துடைத்தான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“மேடம்... என்னையக் கட்டிக்கிறீங்களா?”