எடுத்துக் கொடுக்காதே

அவன் வாய் திறந்தபடி இருக்கிறது. சொல் வரவில்லை.

அவளுக்கு அது என்ன சொல் என்று தெரியும். நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. அவளுடைய நாக்கு நுனியில்.

"கஸ்டமர்" என்று சொல்லிவிட்டாள்.

தம்பி பேனாவைக் கீழே வைத்தான். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அக்கா, நாளைக்கு நீ பக்கத்துல இருக்க மாட்டே."

மன்னிப்புக் கேட்டாள். இனி எடுத்துக் கொடுப்பதில்லை என்றாள். காலையிலிருந்து இதை அவள் சொல்வது எத்தனையாவது தடவை என்று இருவருமே எண்ணவில்லை.

நாளைக்கு நேர்முகத் தேர்வு. வீடியோவில். பெரிய கம்பெனி. ப்ராடக்ட் மேனேஜர் ஆவதற்கான கோடைப் பயிற்சி. ஒரு செயலி யாருக்காக, அவர்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்கிற வேலை. அவன் கல்லூரியில் எழுத்துத் தேர்வைத் தாண்டியவன் அவன் ஒருவன்தான்.

எழுதும்போது அவனுக்குத் திக்காது.

சாப்பாட்டு மேஜையின் இந்தப் பக்கம் அவன். அந்தப் பக்கம், கேள்வி கேட்பவளாக அவள். முன்னால் ஒரு வாழைப்பூ. கையில் வேலை இருந்தால் வாய் சும்மா இருக்கும் என்று அவளே தேடிப்போய் வாங்கி வந்தது. ஒவ்வொரு பூவாக எடுத்து, நடுவிலிருக்கும் வேகாத நரம்பை, கள்ளனைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் கறுத்துவிட்டன. வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

அது பழக்கம். கண்டக்டரிடம் அவனுக்கு டிக்கெட் கேட்டது அவள். கடையில் பென்சில் கேட்டது அவள். வயிற்று வலி அவனுக்கு, எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் சொன்னது அவள்.

போன மாதம் வேறொரு கம்பெனியின் வீடியோ நேர்முகத்தில் மட்டும் அவளால் எதுவும் செய்ய முடியவில்லை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் கேள்வியே பெயர்.

பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அவன் உதடு அசையாமல் முயன்றுகொண்டிருந்தான். எதிரில் இருந்தவர் இணையம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஹலோ என்றார். கேட்கிறதா என்றார். பிறகு போய்விட்டார்.

அவன் வெகுநேரம் அந்தக் கறுப்புத் திரைக்குத் தன் பெயரைச் சொல்ல முயன்றுகொண்டிருந்தான்.

அடுத்த கேள்வியைப் படித்தாள். ஓட்டலில் ஆர்டர் கொடுப்பதற்கு ஒரு செயலி. யாருக்காகச் செய்வீர்கள்?

ஆங்கிலத்தில் தடங்கலில்லாமல் பதில் சொன்னான். அவசரத்தில் இருப்பவர்கள். குழந்தையோடு வருபவர்கள். அடுத்து, வெளியூர்க்காரர்கள்.

நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

அவன் பேசாமல் இருந்தான். இது திக்கல் இல்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியும்.

பிறகு ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழில் ஆரம்பித்தான்.

ஒருத்தர் இருக்கிறார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் இட்லிதான் கேட்பார். பில்லைப் பார்த்தால் இட்லிப் பிரியர் என்றுதான் தோன்றும். வீட்டிலும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"ஆனா அவருக்கு இட்லி பிடிக்காது. வாயில சுலபமா வர்றது இட்லி. அவர் கேட்க நினைச்சது..."

உதடுகள் ஒட்டிக்கொண்டன.

அவள் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள்.

கொடுக்க அவளிடம் சொல் இல்லை.

பொங்கலா? பரோட்டாவா? பணியாரமா? அவனுடைய எல்லாச் சொற்களும் தனக்குத் தெரியும் என்று இருந்தவள். கள்ளனைக் கிள்ளிய விரல் அப்படியே நின்றது. ஃபேன் சுற்றுவது கேட்டது. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். கிளப்பினார்கள். போனார்கள்.

"...பூரி" என்றான்.

இன்று காலையும் இட்லிதான். தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை என்று கூடுதலாக இரண்டு வைத்திருந்தாள். அவனும் மறுக்காமல் சாப்பிட்டான்.

"ஏன்டா சொல்லலை?"

"வாயைத் திறப்பேன். அதுக்குள்ள நீ முடிச்சிருவே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாழைப்பூத் தட்டைத் தள்ளி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

நாளைக்கும் இதையே சொல் என்றாள். இந்த ஆளுக்காகத்தான் செய்வேன் என்று சொல்.

அவன் தலையாட்டினான். அதற்கு முன்னால் பெயரைத் தாண்ட வேண்டுமே என்றான்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலை மாற்றி, முன்பின் தெரியாதவளைப் போல அவன் பெயரைக் கேட்டாள்.

அவன் உடனே பெயருக்குப் போகவில்லை.

"எனக்குத் திக்கும்" என்றான்.

வெளியாள் யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் அவள் முந்திக்கொண்டு, மெதுவான குரலில், தம்பிக்குக் கொஞ்சம் திக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

"சில வார்த்தைக்கு நேரமாகும். லைன் கட் ஆயிடுச்சுன்னு நினைக்காதீங்க. நான் இங்கேதான் இருப்பேன்."

அதிலேயே இரண்டு இடங்களில் நின்றான். நின்று, மறுபடி தொடர்ந்தான்.

பிறகு தன் பெயரைத் தொடங்கினான்.

முதல் எழுத்திலேயே உதடு இறுகியது. கழுத்து நரம்பு புடைத்தது.

இரண்டாம் வகுப்பில் படிக்கும்போது, தொட்டில் பக்கத்தில் நின்று அழுது அடம்பிடித்து, அவள் வைத்த பெயர் அது.

அதை முதன்முதலாகக் கேட்கப்போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.