மூன்று பேர் மூச்சு

அருளப்பன் குடியிருந்த அடுக்குமாடியின் சுவருக்குள் ஜல்லிக்கும் சிமெண்டின் காரத்துக்கும் தீராத பகை. கொஞ்சம் ஈரம் கிடைத்தால் போதும், ஜல்லி வீங்கிச் சுவர் பிளக்கும். ரசம் கொதித்த வீட்டில் சுவர் வீங்கி ஒரு வாரம் கதவு திறக்காது. மூச்சிலும் ஈரம் உண்டல்லவா? அதனால் வீட்டுக்கு மூன்று பேர் மூச்சுதான் அனுமதி. மீறினால் வீட்டைப் பூட்டிவிடுவார்கள்.

மகள் பிள்ளை பெற்று வந்ததும் மூச்சு நாலாயிற்று. பத்தியம் பார்க்கத் தெரிந்த மனைவியை உள்ளே விட்டுவிட்டு, அருளப்பன் தெரு பெஞ்சுக்குக் குடிபெயர்ந்தார். பதினெட்டு நாளாகப் பேத்தியை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்.

அன்று சோதனைக்கு வந்த அதிகாரி மேகலா உள்ளே போய்ச் சுவரில் மூச்சு எண்ணும் மீட்டரை வைத்தாள். நான்கு காட்டியது.

“நாலாவது ஆள் யாரு?”

“நீதாம்மா,” என்றார் ஜன்னலுக்கு வெளியே நின்ற அருளப்பன். “வெளிய வந்து பாரு, சரியாயிடும்.”

வெளியே வந்து ஜன்னல் வழியாக மீட்டரை நீட்டினாள். மூன்று.

“பேத்தியைத் தூக்குனீங்களா ஐயா?”

“ஜன்னல்ல கம்பி இருக்கேம்மா.”

மேகலா மீட்டரை அணைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். “மெஷின் சூடாயிடுச்சு. ஆற பத்து நிமிஷமாகும். அதுவரைக்கும் உள்ள எத்தனை பேர்னு எனக்குத் தெரியாது.”

அருளப்பன் வாசலுக்கு ஓடினார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.